மார்பகத்தைக் காக்கும் ஒப்பரேஷனுக்குப் பிறகு கதிர்ச்சிகிச்சை: எதற்கு, எத்தனை நாள், என்ன எதிர்பார்க்கலாம்?

கட்டியை எடுத்தாயிற்று. பரிசோதனை அறிக்கையும் ‘வெட்டிய ஓரங்களில் புற்றுநோய் இல்லை’ என்று வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இன்னும் மூன்று வாரம் கதிர்ச்சிகிச்சை? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்துகொண்ட பெண்களின் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவது நியாயமானதுதான். காயம் ஆறி, ஆள் எழும்பி நடமாடத் தொடங்கிய நேரத்தில் ‘இனிப் போதும்’ என்ற நினைப்பு வரும். ஊரில் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று சொல்லும் சிகிச்சை என்பதால் பயமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: மார்பகத்தை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுப்பது என்று முடிவெடுத்தால், கதிர்ச்சிகிச்சை அந்த ஒப்பரேஷனின் மறுபாதி. ஆகவே அதற்குப் போக முடியுமா, எங்கே தங்குவது, யார் கூட வருவது என்ற பேச்சை ஒப்பரேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

‘ஆரம்பக் கட்டம்’ என்றால்

புற்றுநோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கிறது, அல்லது அதே பக்கத்துக் கமக்கட்டில் உள்ள சில நிணநீர்க் கணுக்கள் (உடம்பில் ஊறும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) வரை மட்டும் போயிருக்கிறது. எலும்பு, ஈரல், நுரையீரல் போன்ற தூர இடங்களுக்குப் பரவவில்லை. இதைத்தான் பொதுவாக ஆரம்பக் கட்டம் என்கிறார்கள். முதலாம், இரண்டாம் நிலைகள் பெரும்பாலும் இதில் அடங்கும். பால்குழாய்க்குள்ளேயே நிற்கும் புற்றும் இருக்கிறது. அது இன்னும் முந்திய நிலை. அதற்கும் கட்டியை மட்டும் எடுத்தால் கதிர்ச்சிகிச்சை பரிந்துரைப்பது வழக்கம்.

இந்த நிலையில் ஒப்பரேஷன் இரண்டு வகை. ஒன்று, கட்டியையும் அதைச் சுற்றிய கொஞ்ச மார்பகத் திசுவையும் மட்டும் எடுப்பது. மற்றது, மார்பகம் முழுவதையும் எடுப்பது. முதல் வகையோடு கதிர்ச்சிகிச்சையைச் சேர்த்தால், உயிர்பிழைக்கும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றுதான். இதை அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையிலும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி தலைமையிலும் நடந்த ஆய்வுகள் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2002இல் உறுதிப்படுத்தின. ‘முழுசா எடுத்தாத்தான் தப்பலாம்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

ஓரம் சுத்தம் என்றால் எல்லாமே சுத்தமா?

வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் புற்றுக் கலங்கள் தெரியவில்லை என்பதைத்தான் அந்த அறிக்கை சொல்கிறது. மிச்சமுள்ள மார்பகத்தை அது பார்க்கவில்லை. கண்ணுக்கும் ஸ்கானுக்கும் பிடிபடாத சில கலங்கள் உள்ளே தங்கியிருக்கலாம். வயலில் புல் பிடுங்கி முடிந்த பின்னும் மண்ணுக்குள் விதை கிடப்பது போல. கதிர்ச்சிகிச்சை குறிவைப்பது அவற்றைத்தான்.

இதனால் எவ்வளவு வித்தியாசம்? ஃபிஷர் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் கொடுக்காத பெண்களில் 39.2 வீதமானோருக்கு 20 ஆண்டுக்குள் அதே மார்பகத்தில் புற்று திரும்பியது. கதிரும் பெற்றவர்களில் அது 14.3 வீதம். 17 ஆய்வுகளில் இருந்து 10,801 பெண்களின் விபரங்களை ஒன்றாகச் சேர்த்து 2011இல் வந்த பெரிய பகுப்பாய்வு இன்னும் தெளிவானது:

1. 10 ஆண்டுக்குள் நோய் எங்காவது திரும்புவது கதிர் இல்லாமல் 35 வீதம், கதிரோடு 19.3 வீதம்.
2. 15 ஆண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறப்பது 25.2 வீதத்தில் இருந்து 21.4 வீதமாகக் குறைந்தது.
3. நோய் திரும்புவதை நான்கு பேரில் தடுத்தால், அதில் ஏறத்தாழ ஒருவருடைய உயிர் காப்பாற்றப்படுகிறது.

இவை பழைய ஆய்வுகள். இன்றைய மருந்துகளும் ஒப்பரேஷன் முறைகளும் மேம்பட்டிருப்பதால் நோய் திரும்புவது இப்போது பொதுவாகவே இதைவிடக் குறைவு. ஆனாலும் கதிர் அந்த ஆபத்தைப் பாதிக்குக் கிட்டக் குறைக்கிறது என்ற அடிப்படை மாறவில்லை.

ஏன் கொஞ்சம் கொஞ்சமாக? எத்தனை நாள்?

உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிடப் பன்மடங்கு சக்தியுள்ள கதிர்கள் கலங்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யை உடைக்கின்றன. நல்ல கலமும் அடிபடும். புற்றுக் கலமும் அடிபடும். நல்ல கலத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் திறமை கூட. புற்றுக் கலத்துக்கு அது குறைவு. ஆகவே முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் தினமும் கொஞ்சமாகக் கொடுத்தால், இடையில் கிடைக்கும் நேரத்தில் நல்ல கலங்கள் தேறிவிடும். புற்றுக் கலங்கள் மீளாமல் அழியும்.

கதிரின் அளவைக் ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது 50 கிரேயை 25 தடவையில், ஐந்து வாரத்தில் கொடுப்பது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் அதைச் சுருக்கின. 40 கிரேயை 15 தடவையில், மூன்று வாரத்தில் கொடுத்தாலும் பலன் ஒன்றுதான், தோலுக்கும் அதிகக் கெடுதல் இல்லை என்று தெரிந்தது. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று 26 கிரேயை ஐந்தே தடவையில், ஒரு வாரத்தில் முடிக்கலாம் என்று காட்டியது.

‘நாள் குறைந்தால் மருந்தும் குறைவோ’ என்று சிலர் கவலைப்படுவார்கள். ஒவ்வொரு நாளும் கொடுக்கும் அளவு கூடுகிறது. அதனால்தான் நாள் குறைகிறது. யாருக்கு எது பொருந்தும் என்பது மார்பகத்தின் அளவு, கமக்கட்டுக்கும் கதிர் தேவையா, அங்குள்ள இயந்திரம் எது என்பதைப் பொறுத்தது. இளம் வயதினருக்கும் வேகமாக வளரும் வகைப் புற்று உள்ளவர்களுக்கும் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் இன்னும் சில தடவை கூடுதலாகக் கொடுப்பதுண்டு.

யாருக்குத் தேவை, யாருக்கு விடலாம்

கட்டியை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தேவை. மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களில், கட்டி 5 சென்றிமீற்றரைவிடப் பெரிதாக இருந்தால் அல்லது நான்கோ அதற்கு மேலோ நிணநீர்க் கணுக்களில் புற்று இருந்தால் கதிர் கொடுப்பார்கள். ஒன்று முதல் மூன்று கணு என்றால் ஆளுக்கு ஆள் யோசித்து முடிவெடுப்பார்கள்.

விடக்கூடியவர்களும் இருக்கிறார்கள். 65 வயதோ அதற்கு மேலோ, கட்டி 3 சென்றிமீற்றருக்குள், கணுக்களில் நோய் இல்லை, ஹோர்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை, அந்த மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார். இப்படியான பெண்களை வைத்து நடந்த ஆய்வின் 10 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. கதிர் பெறாதவர்களில் 9.5 வீதமானோருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, பெற்றவர்களில் 0.9 வீதம். ஆனால் உயிரோடிருந்தவர்களின் வீதம் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. வயதான அம்மாவையோ அம்மம்மாவையோ தினமும் ஏற்றி இறக்க முடியாத குடும்பம் இந்தக் கேள்வியை வைத்தியரிடம் தயங்காமல் கேட்கலாம். கேட்காமல் தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்பு எப்போதாவது நெஞ்சுப் பகுதிக்குக் கதிர் பிடித்திருந்தாலும், தோல் இறுகும் வகை வாத நோய்கள் இருந்தாலும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலும் அப்படியே.

தூரம் என்ற உண்மையான பிரச்சினை

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பயணமும் தங்குமிடமும் இழந்துபோகும் நாட்கூலியும் இலவசமில்லை. கல்முனையில் இருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பொத்துவிலில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் 300 கிலோமீற்றர் தாண்டிய பயணம்; தினமும் போய்வரும் பேச்சுக்கே இடமில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் ஒழுங்கு. இடையில் போயாவும் அரசாங்க விடுமுறையும் வரும். மாரியில் ரோட்டை வெள்ளம் மேவினால் பஸ்ஸும் ஓடாது.

என் கருத்தில், நம் பகுதியில் இந்தச் சிகிச்சை பாதியில் நின்றுபோக வீட்டு நிலைமையும் வழிப்பயணமும் போதும். பக்கவிளைவுவரை போகத் தேவையில்லை. அதனால் ஒப்பரேஷன் செய்யப்போகும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இந்த நாலு கேள்விகளையும் முன்கூட்டியே கேளுங்கள்:

1. கட்டியை மட்டும் எடுத்தால் எனக்குக் கதிர் கட்டாயமா? முழுவதையும் எடுத்தாலும் தேவைப்படுமா?
2. எந்த வைத்தியசாலையில்? எத்தனை தடவை? எனக்கு 15 தடவை அல்லது ஐந்து தடவை முறை பொருந்துமா?
3. எப்போது தொடங்கும்? அங்கே காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா?
4. தூரத்தில் இருந்து வருகிறேன். வார்ட்டில் தங்கி எடுக்க வழி உண்டா?

கீமோ (மருந்தால் புற்றுக் கலங்களை அழிக்கும் சிகிச்சை) தேவையில்லை என்றால், ஒப்பரேஷனுக்குப் பின் 4 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவது பொதுவான வழக்கம். கீமோ உண்டென்றால் அது முடிந்து சில வாரத்தில். இந்த இடைவெளியில் ‘எனக்கு ஒன்றும் செய்யுதில்லையே’ என்று கிளினிக்கை விட்டுவிடக்கூடாது. ஒரு நாள் தவறினால் பெரிய நட்டமில்லை. அதைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தால் மிஞ்சியிருக்கும் புற்றுக் கலங்கள் பெருக நேரம் கிடைக்கும். வெள்ளமோ காய்ச்சலோ, வர முடியாவிட்டால் உடனே கதிர்ச்சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அந்த இலக்கத்தை முதல் நாளே கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் முதல் கடைசி நாள் வரை

1. *கையை உயர்த்தும் பயிற்சி.* சிகிச்சை நேரத்தில் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். கமக்கட்டில் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு இது வலிக்கும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏறும் பயிற்சியை வைத்தியர் அனுமதித்த நாளில் இருந்தே செய்யுங்கள். கை ஏறாவிட்டால் திட்டமிடுவதே தள்ளிப்போகும்.

2. *திட்டமிடும் நாள்.* சிகிச்சையில் இருப்பது போலவே படுக்கவைத்து சி.டி. ஸ்கான் எடுப்பார்கள். அன்று கதிர் கிடையாது. மார்பில் கடுகளவு புள்ளிகள் பச்சை குத்துவார்கள், அல்லது மையால் கோடு போடுவார்கள். மைக்கோட்டைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். பிறகு வைத்தியரும் மருத்துவப் பௌதிகவியலாளரும் கணினியில் கதிரின் கோணங்களைத் தீர்மானிப்பார்கள். அதற்குச் சில நாள் எடுக்கும்.

3. *சிகிச்சை நாள்.* இடுப்புக்கு மேல் உடையைக் கழற்றிவிட்டு இறுக்கமான கட்டிலில் படுக்க வேண்டும். அறை குளிராக இருக்கும். சுவரில் இருந்து வரும் மெல்லிய லேசர்க் கோடுகள் உடம்பின் புள்ளிகளோடு பொருந்தும்வரை உங்களை ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று அசைப்பார்கள். நீங்களாக உதவிசெய்து நகர வேண்டாம். தளர்வாகக் கிடந்தால் போதும். பிறகு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கூப்பிட்டால் கேட்கும். இயந்திரம் இரைந்தபடி சரிவாக ஒரு பக்கம் நிற்கும், பிறகு மறுபக்கம் சுற்றி வரும். உடம்பைத் தொடாது. வலி, சூடு, வெளிச்சம் எதுவும் தெரியாது. கதிர் விழுவது சில நிமிடம்தான். சரியாகப் படுக்கவைக்கத்தான் நேரம் போகும். அறைக்குள் இருப்பது மொத்தமாகக் கால்மணி நேரமளவு.

உடை கழற்றுவது பல பெண்களுக்குப் பெரிய சங்கடம். இயந்திரத்தை இயக்குபவர்களில் ஆண்களும் இருப்பார்கள். பெண் உத்தியோகத்தர் இருக்க முடியுமா, கதிர் படாத பக்கத்தைத் துணியால் மூடிவைக்கலாமா என்று கேட்பதில் எந்தப் பிழையும் இல்லை. முந்தானையையோ ஹிஜாபையோ எவ்வளவு விலக்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசித் தீர்த்துக்கொண்டால் மற்ற நாட்கள் இலகுவாகப் போகும்.

4. *வாரம் ஒருமுறை வைத்தியர் பார்ப்பது.* வெட்கப்படாமல் தோலைக் காட்டுங்கள். குறிப்பாக மார்பகத்தின் அடிமடிப்பை.

தோலும் களைப்பும்

முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரக் கடைசியில் இருந்து தோல் மாறத் தொடங்கும். வெளிநாட்டுப் பிரசுரங்களில் ‘சிவக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. தோல் கறுக்கும், உலர்ந்து சொரசொரக்கும், கடிக்கும். சிவக்கவில்லை என்பதற்காக ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கமக்கட்டிலும் அடிமடிப்பிலும் வியர்வையும் உரசலும் சேர்வதால் அங்கேதான் முதலில் தோல் உரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த இடங்களுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பலர் தெரியாமல் பயந்துபோகும் விடயம் ஒன்று: சிகிச்சை முடிந்த பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்குத் தோல் இன்னும் மோசமாகும். அதுதான் உச்சம். அதற்குப் பிறகு தேறும். கறுப்பு மறைய மாதங்கள் ஆகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில், மென்மையான சவர்க்காரம் போட்டுக் கையாலேயே கழுவி, துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். கம்பி வைத்த பிராவைத் தள்ளிவையுங்கள். நைலோன் அபாயா போடுபவர்கள் உள்ளே பருத்தி உடுப்பு போடலாம். கைப்பையின் வாரை அந்தத் தோளில் மாட்டாதீர்கள். மஞ்சள், சந்தனம், வேப்பிலை அரைத்துப் பூசுவதும், பவுடர் அப்புவதும், ஒத்தடமும் ஐஸும் வேண்டவே வேண்டாம். உரிந்த தோலில் இவை கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்தக் கிறீம் பூசலாம் என்பதைப் பிரிவில் கேட்டுப் பூசுங்கள். தோல் முழுதாக ஆறும்வரை வாவியிலோ கடலிலோ குளிக்க வேண்டாம்.

களைப்பு மெல்ல மெல்ல ஏறி, கடைசி வாரத்தில் நன்றாகத் தெரியும். படுத்தே கிடந்தால் கூடும்; தினமும் பின்னேரம் கொஞ்சம் நடந்தால் குறையும். ஆனால் விடிய எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் ஏறிப் போய்க் கதிர் பிடித்து, வந்து மறுபடி அடுப்படிக்குள் போக வேண்டும் என்றால் எந்த உடம்பும் தாங்காது. அந்த மூன்று வாரமும், பிறகு ஒரு மாதமும், சமையலையும் தண்ணீர் சுமப்பதையும் வீட்டில் மற்றவர்கள் பொறுப்பெடுக்க வேண்டும். கணவன், மகன் எல்லோரும்.

இதயம், நுரையீரல், கை

இடது மார்பகம் என்றால் இதயம் பக்கத்தில் இருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வொன்று, இதயத்தில் சராசரியாக விழும் ஒவ்வொரு கிரே கதிருக்கும் பெரிய இதய நோய்களின் ஆபத்து 7.4 வீதம் கூடுவதாகக் கணித்தது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூறு பேரில் 2 பேருக்கு வரக்கூடிய ஆபத்து இருந்தால், ஒரு கிரேக்கு அது 2.15 ஆகிறது என்பதுதான் பொருள். இப்போது இதயத்தை மறைத்துத் திட்டமிடுவதால் அங்கே விழும் அளவு பழைய காலத்தைவிட நன்றாகக் குறைந்துவிட்டது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் இதயம் நெஞ்சுச் சுவரில் இருந்து விலகும். அந்த நேரத்தில் மட்டும் கதிரைச் செலுத்தும் முறையும் உண்டு. இடது பக்கக்காரர் இதுபற்றிக் கேளுங்கள். சீனி வருத்தம், பிரஷர், கொழுப்பு இருப்பவர்கள் அவற்றைக் கட்டுப்பாட்டில் வைப்பது இதயத்துக்குப் பெரிய காவல்.

ஒரு சிலருக்கு சிகிச்சை முடிந்து சில மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சுவாங்கலும் வரலாம். கதிர் பட்ட நுரையீரல் பகுதி வீங்குவதால் வருவது இது; மருந்தால் குணமாகும். வேறு டொக்டரிடம் இருமலுக்குப் போனாலும் ‘எனக்குக் கதிர் பிடித்தது’ என்று சொல்லிவிடுங்கள்.

கமக்கட்டில் கணுக்களை எடுத்து, அங்கே கதிரும் கொடுத்திருந்தால் கை வீங்கும் வாய்ப்பு கூடும். கை பாரமாக இருப்பது, வழக்கமான வளையலோ மோதிரமோ இறுகுவது முதல் அடையாளம். அப்போதே காட்டினால் கட்டுப்படுத்தலாம். மார்பகம் காலப்போக்கில் கொஞ்சம் சுருங்கி, இறுகலாம். கதிரால் புதிதாகப் புற்றுநோய் வருவது மிக அரிது. கிடைக்கும் நன்மையோடு வைத்துப் பார்த்தால் அது பின்வாங்கக் காரணமாகாது.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

*பிள்ளையைத் தூக்கலாமா?* தாராளமாக. வெளியே இருந்து வரும் கதிர் உடம்பில் தங்காது. ஒரே பாயில் படுக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம்.

*தலைமுடி கொட்டுமா?* இல்லை. அது கீமோவின் விளைவு. கதிர் படும் கமக்கட்டில் மட்டும் முடி உதிரலாம்.

*இறால், நண்டு, கத்தரிக்காய் கிரந்தியா?* கதிர்ச்சிகிச்சைக்காக விலக்க வேண்டிய சாப்பாடு எதுவும் இல்லை. தோல் ஆறப் புரதம் வேண்டும்; மீன், முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் சாப்பிடுங்கள். பெருமளவு விற்றமின் மாத்திரைகளையும் பரியாரி கொடுக்கும் கசாயங்களையும் வைத்தியருக்குச் சொல்லாமல் எடுக்காதீர்கள்.

*நோன்பு?* இந்தச் சிகிச்சைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வெயிலில் தூரப் பயணம், களைப்பு, தண்ணீர் குறைவு மூன்றும் சேர்ந்தால் உடம்பு வாடும். நோயாளிக்குப் பிறகு நோற்கும் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது.

*மாத்திரையை நிறுத்தலாமா?* கூடாது. ஹோர்மோன் மாத்திரை முழு உடம்புக்கும்; கதிர் அந்த இடத்துக்கு மட்டும். இரண்டின் வேலையும் வேறு வேறு.

முடிந்த பிறகு

தோலில் நீர் வடிந்தால், சீழ் வாடை வந்தால், காய்ச்சல் அடித்தால், மார்பகம் திடீரென வீங்கிச் சுட்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். முதல் மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், பிறகு வருடா வருடம். இரண்டு மார்பகத்தையும் பார்க்க வேண்டும். பின்னர் குழந்தை பெற்றால் மற்ற மார்பகத்தில் பால் கொடுக்கலாம். கதிர் பட்ட பக்கத்தில் பால் குறைவாகவே சுரக்கும்.

எந்தப் பக்கம், எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதிய சுருக்க அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரதி எடுத்து வையுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை முழு அளவு கதிர் கொடுப்பது பொதுவாக முடியாது. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு வைத்தியரிடம் போக நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.